அயலார் மொழியும் நம் அறமும்

பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டிற் குடியேறியவன் அந்நாட்டார் மொழியைக் கற்று, அவர்களுடைய அன்றாட வாழ்வில் மகிழ்ந்து கலந்து வாழ்தல் தகுமா? அல்லது, ‘பிழைக்க வந்தோம், பிழைத்தாற் போதும்’ என்று ஒதுங்கியிருத்தல் தகுமா? கோலார் தங்க வயலில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டில் மட்டும் எழுந்ததன்று. வீட்டு வாயிலில் நிற்பதாகும்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் மைசூர் சமஸ்தானத்தினுள் வந்து குடியேறினர். அரசு வேறு, மொழி வேறு. ஆகவே அவர்கள் இங்கு அயலார் ஆயினர். ஆனால் அவர்கள் விட்டுவந்த ஊரில் மட்டும் உரியவராக இருந்தனரோ? ஊரார் பேசிய தமிழையே அவர்களும் பேசினர். எனினும் ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளவும், ஊர்த் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் அவர்களுக்கு இயலவில்லை. ஒரே மொழி இருந்தும் உறவு பிறக்கவில்லை. அயன்மை என்பது நாவில் இருப்பதன்று, மனத்தில் இருப்பது என்னும் உண்மையை ஏடு தொடாமலே அறிந்தவர் அவர்.

இத்தகையோருக்கே பௌத்த தன்மம் புகலிடமாயிற்று. 1898-ஆம் ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்று வந்தார். அவர் பாலியும் வடமொழியும் ஆங்கிலமும் அறிந்தவர். அறிந்தும், தாம் 1907-இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றே பெயர் சூட்டினார். அப்பத்திரிகைக்கு 1926-இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் உயிரளித்தது நம் சாம்பியன் ரீப்ஸில்தான். பிறமொழி கற்றால் தன்மொழி தேயும் என்று அஞ்சுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, இவ்வினாவிற்குப் பகவன் புத்தர் காட்டிய நெறி யாது? மச்சிம நிகாயத்து அரணவிபங்க சுத்தத்தில் மொழியைப் பற்றி ஒரு சிறந்த போதனை உண்டு. ஒரே பாத்திரத்தை ஒரு நாட்டார் ‘பாதி’ என்பர், ஒரு நாட்டார் ‘பத்தம்’ என்பர், வேறொரு நாட்டார் ‘சராவம்’ என்பர். இதுவே சரி, மற்றவை பிழை என்று ஒருவன் பிடிவாதம் கொள்வானாயின் அங்கே பூசல் விளைகின்றது. அவ்வந்நாட்டார் எச்சொல்லால் அப்பொருளைக் கருதுகின்றனரோ அச்சொல்லைப் பற்றின்றி வழங்குபவனிடத்தில் பூசல் இல்லை. அதே போதனை, உலகம் ஏற்ற வழக்கை மீறிச் செல்லலாகாது என்றும் எச்சரிக்கின்றது.

இதற்கு உரை தேடி நாம் தொலைவிற் செல்ல வேண்டா. நம் குழாயடியில் தமிழ்ப் பெண் குடம் என்பதைக் கன்னடப் பெண் ‘பிந்திகெ’ என்கின்றாள். தெலுங்குப் பெண் ‘பிந்தெ’ என்கின்றாள். நாம் களி என்பது அவர்க்கு ‘முத்தெ’, இவர்க்கு ‘சங்கடி’. மூன்றும் கேழ்வரகே, மூன்றும் ஆற்றுவது பசியையே. தண்ணீருக்கோ நம் ‘நீர்’ அவர்களுடைய ‘நீரு’. சொல்லும் ஏறக்குறைய ஒன்றே. அந்த நீரின் பொருட்டே 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டு, பெங்களூரில் தமிழர் அடியுண்டு வீடிழந்தனர். ஆகையால் சொல்லொற்றுமை ஒன்றே மக்களைக் காவாது. சொல்லுக்குப் பின்னே மைத்திரி இருத்தல் வேண்டும்.

‘அடித்தவர் மொழியை நாம் ஏன் கற்க வேண்டும்?’ என்று சிலர் வினவுவர். இவ்வினா துன்பத்திற் பிறந்தது. ஆதலின் இதனை எள்ளுதல் தகாது. அச்சத்தால் ஒரு மொழியைக் கற்பது அடிமைத்தனமே என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் மணிமேகலைக் காப்பியத்துச் சாதுவன் கதையை இவ்விடத்தில் நினைவு கூர்தல் நலம்.

கைப்பொருள் இழந்த சாதுவன் வாணிகம் கருதிக் கடலிற் சென்றான். மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலையை அடைந்தான். அவர்கள் மனிதரைத் தின்பவர். இவனையும் தின்ன நெருங்கினர். அவர்களுடைய மொழியை இவன் பேசவே, அவர்கள் கொல்லாது தம் தலைவனிடம் இட்டுச் சென்றனர். இதுவரை மொழி அவன் உயிரைக் காத்தது. ஆனால் கதை இங்கு முடியவில்லை. தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் அளித்து உபசரித்தபோது, சாதுவன் அவர் மொழியிலேயே அவற்றை மறுத்து, கொலையின் தீமையையும் வினைப்பயனையும் எடுத்துரைத்தான். ‘எங்களுக்கு இயன்ற அறம் எது?’ என்று தலைவன் கேட்க, உடைகலத்தாரைக் கொல்லாதிருத்தலையும், மூத்துத் தாமே இறந்த விலங்கையன்றிப் பிறவற்றை உண்ணாதிருத்தலையும் அவர்களுடைய நிலைக்கேற்ப உரைத்தான். அவர் மொழியைக் கற்றானே யன்றி அவர் கொலைத்தொழிலைக் கற்றானில்லை. தன் ஒழுக்கத்தை இழவாமலும், அவர்களை இழிவு செய்யாமலும் பேசினான். மொழி கற்றலின் முழுப்பயன் இதுவன்றோ?

மற்றொரு தடை உண்டு. ‘யாவும் அநித்தியம் ஆயின், அயல்நாட்டு அன்றாட வாழ்வில் மகிழ்தலும் பற்றுத்தானே?’ என்பர். பகவன் துறக்கச் சொன்னது வேட்கையை. மகிழ்ச்சி யாவற்றையும் அன்று. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கனுள் முதிதை என்பது பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்தல். அண்டை வீட்டார் ஏன் நகைக்கின்றனர் என்பதே விளங்காதவனுக்கு முதிதை எங்ஙனம் உண்டாகும்? அவர்கள் எச்சொல் சொல்லி அழுகின்றனர் என்று அறியாதவன் கருணையை எங்ஙனம் காட்டுவான்? நம் லைன்களிலேயே நாற்பதாண்டு அடுத்தடுத்து வாழ்ந்தும், அண்டை வீட்டுச் சாவில் அவர் மொழியில் ஒரு சொல் துக்கம் விசாரிக்க அறியாது வாயிலில் நின்று திரும்பினோர் உண்டு. நாமும் அவ்வாறு நின்றோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

மொழி கற்பது ஒரு சாதனையும் ஆகும். புது மொழியில் முதியவனும் குழந்தையாகின்றான். சந்தையில் விலை கேட்கும்போது நா தடுமாறுகின்றது, சிறுவர் சிரிக்கின்றனர், அதைப் பொறுத்தலே சாந்தி பாரமிதை. தன் தாய்மொழியில் அவன் சேர்த்து வைத்த வாய்ச்சாலமும் தற்பெருமையும் அங்கே செல்லாக் காசாகின்றன. புறங்கூறவும், வீண்பேச்சுப் பேசவும் சொல் போதவில்லை. கைவசமுள்ள சில சொற்களால் வேண்டுவதை மட்டும் மெய்யாகச் சொல்கின்றான். நல்வாய்மைக்கு இதனினும் நல்ல பள்ளி ஏது? ‘நான்’ என்று நாம் போற்றியதில் எத்துணைப் பகுதி வெறும் சொற்கட்டு என்பது அப்போதுதான் புலனாகின்றது.

சீனத்துப் பாஹியான் 399-ஆம் ஆண்டு புறப்பட்டுப் பாடலிபுத்திரம் சேர்ந்து, மூன்றாண்டு தங்கி மொழி பயின்று வினய நூல்களைப் படியெடுத்தார். உடன்வந்த தாவோ செங் இந்நாட்டு ஒழுக்கத்தில் மனம் தோய்ந்து இங்கேயே தங்கிவிட்டார். பாஹியானோ தம் மக்களுக்கு நூல் கொணர வேண்டித் திரும்பினார். வழியில் இலங்கையில், புத்தர் சிலைக்கு ஒரு வணிகன் படைத்திருந்த சீனப் பட்டு விசிறியைக் கண்டு கண்ணீர் உகுத்தார். தங்கியவரையும் நாம் குறை கூறோம். அழுதவரையும் குறை கூறோம். அயல்நாட்டை நேசித்தலும் தாய்நாட்டை நினைத்தலும் ஒரே நெஞ்சில் அமையும். செக் நாட்டு மொராவியாவில் 1908-இல் பிறந்த ஞானசத்த தேரரும் இலங்கை சென்று துறவு பூண்டு, பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவிலிருந்தே அறம் உரைத்தார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் நிற்கின்றன, வேலை நிற்கவில்லை. நம் மக்கள் விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். பாட்டன் அயலானாக வந்த நிலத்திலிருந்து பேரன் மீண்டும் அயலானாகப் புறப்படுகின்றான். அவனுக்கு நாம் கட்டித்தர வேறு செல்வம் இல்லை. இவ்வறிவுரை ஒன்றே உண்டு.

சென்ற இடத்து மொழியை ஆதாயத்துக்கு மட்டும் கற்காதே, அச்சத்தால் கற்காதே. எதிரில் நிற்பவனும் துக்கத்தை அறிந்தவன் என்பதற்காகக் கற்பாயாக. முதலில் அவன் நலம் விசாரிக்கும் சொல்லைக் கற்பாயாக. அடுத்து அவன் துயரத்தில் சொல்லத்தகும் சொல்லைக் கற்பாயாக. வீடு திரும்பியதும் உன் பிள்ளையிடம் தமிழிலே பஞ்சசீலம் விளக்குவாயாக.

யாவரும் பகையின்றி வாழ்வாராக. சர்வ மங்களம்.