சின்னம் சூட்டுபவர் யார்?

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவரைக் கூட்டி முகாமிட்டார். அவர் தொடங்கிய சாரணர் இயக்கத்தில், ஒரு திறமையைக் கற்றுத் தேறியவனுக்குச் சின்னம் உண்டு. நாற்பதைக் கடந்தவர் கற்றால் எவர் சூட்டுவார்? சூட்டாவிடில் கல்வி குறையுமோ?

தில்லியில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளுக்கு நாடா கட்டிவரும் நாம், சாரணனான மகனிடம் ரீஃப் முடிச்சு பயின்றோம். வலத்தை இடத்தின்மேலும், பின்னர் இடத்தை வலத்தின்மேலும் இடல் வேண்டும். இருமுறையும் ஒரே பக்கம் இட்டால் நழுவும். இத்தனை காலம் நாம் இட்டது நழுவும் முடிச்சே! (மேலதிகாரி அறியாதிருப்பாராக.)

பதவி உயர்வுத் தேர்வுக்கன்றி எதையும் பயிலாத நமக்குக் கூச்சமாகவே இருந்தது. தேர்வாளர் இல்லாவிடத்துத் தேறிவிட்டதாக நம்மை நாமே ஏய்ப்பதும் எளிது. ஆகவே மகனையே தேர்வாளனாக்கினோம். இழுத்துப் பார்த்தான்; நழுவிற்று. “நாளைக்குக் கட்டுங்கள், அப்பா” என்றான்.