பயன் என்னும் வேலி

பெண் செய்யும் ஒரு பொருள் யாருக்காவது உதவியே தீர வேண்டுமா? வெறும் மகிழ்ச்சிக்காக அவள் ஒன்றைக் கட்டக் கூடாதா? காஞ்சிபுரத்தில் இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வரவில்லை.

இறுதியாண்டு மாணவிகள் மூன்று பேர், ஒருத்தியின் வீட்டுக் கொல்லையில் சிறிய ரோலர் கோஸ்டர் கட்டுவதைத் தங்கள் புராஜெக்டாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மீட்டர் உயரத்தில் தொடக்கம், இரும்புக் குழாயில் தண்டவாளம், ஒருவர் உட்காரும் வண்டி. குழுவின் முதல் கேள்வி, "இதனால சமுதாயத்துக்கு என்னம்மா பயன்?" அதே நாளில் பையன்கள் கொண்டுவந்த பந்தயக் காரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்கவில்லை.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். கொண்டாடினோம், கொண்டாடத்தான் வேண்டும். அமெரிக்காவின் இண்டியானாவில் ஜான் ஐவர்ஸ் என்பவர் 2001இல் தன் வீட்டுக் கொல்லையில் ‘புளூ ஃபிளாஷ்’ என்ற ரோலர் கோஸ்டரையே கட்டினார். அவருக்கு ஆசை ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

நம் ஊர்த் தறிவீட்டில் வளரும் பெண்ணின் கைக்கு ஓய்வு கிடையாது. தார் சுற்றுவாள். கோர்வைச் சேலை என்றால் தறியில் துணைக்கு உட்காருவாள். கூலி பெரும்பாலும் தறிக்காரர் பெயரில் வரும். உதவுவதற்கென்றே பழக்கிய கை தனக்காக ஒன்றைச் செய்தால், அதற்கு ‘வெட்டி வேலை’ என்று பெயர்.

கடனில் ஓடும் வீடுகள் உள்ள ஊரில் விளையாட்டுக்கு ஏது காசு என்பது நியாயமான கேள்விதான். அதைப் பந்தயக் காரிடமும் கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும்.

அடுத்து வந்தது ஒரு மாணவியின் பெரியம்மாவின் பயம்: "கை கால் உடைஞ்சா நாளைக்கு யாருடி உன்னைக் கட்டிப்பா?" அடிபடலாம் என்பது உண்மை. அதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்று மீட்டர் உயரத்தில் நின்று புறப்படும் வண்டி, உராய்வே இல்லையென்றாலும் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டரைத் தாண்டாது. இரண்டாவது மேடு முதல் மேட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வண்டி மேலே எழும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளத் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வேண்டும். மனிதர் ஏறுமுன் மணல் மூட்டை பலமுறை போய்வர வேண்டும். இதுதான் பாதுகாப்பு. பெரியம்மா கேட்ட கேள்வியில் இருந்தது கல்யாணச் சந்தையின் கவலை.

வரதர் கோயில் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவார்கள். ஓடும் தேர் வழி தவறாமல் போக அது தேவை. பெண்களுக்குப் போடும் கட்டையோ தேர் நிலையைவிட்டுக் கிளம்புமுன்பே விழுந்துவிடுகிறது.

மாணவிகள் கடைசியில் அரை மீட்டர் உயர மாதிரி ஒன்றைச் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். கோலிக்குண்டு அதில் அழகாக ஓடியது. அவர்கள் ஓடவில்லை.

திருவிழா ராட்டினத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கத்த நமக்கு அனுமதி உண்டு. அந்த ராட்டினத்தைக் கட்ட ஆசைப்பட்டால் மட்டும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயனை நிரூபித்த பிறகே கிடைக்கும் சுதந்திரத்தைக் கூலி என்றுதான் சொல்ல முடியும்.

உங்கள் மகளோ தங்கையோ மாணவியோ இப்படி ஒரு வரைபடத்தோடு வந்தால், எதற்கு என்று கேட்காதீர்கள். எவ்வளவு உயரம், பிரேக் எங்கே என்று கேளுங்கள்.