நீக்கியதும் நீங்கியதும்

தியாகம் என்ற சொல்லைக் கேட்டதும் காவியுடையும் மலைக்குகையும் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆனால் தியாகத்தின் பரீட்சை பெரும்பாலும் அன்றாட வாழ்வின் சிறிய செயல்களில்தான் நடைபெறுகிறது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுவதும் அத்தகைய ஒரு செயலே.

1955-ஆம் ஆண்டு சென்னையில் புல்லட் வண்டியின் தயாரிப்பு தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது காலால் உதைத்துக் கிளப்பும் வண்டியாகவே இருந்தது. ராணுவ வீரரும் காவலரும் கிராமத்து விவசாயியும் அப்படித்தான் அதனை ஓட்டினர். பின்னர் பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி வந்தது. 2021-இல் வெளிவந்த புதிய கிளாசிக் 350 வண்டியிலோ கிக்கரே இல்லை. காலம் இவ்வாறு ஒரு திசையில் சென்றுகொண்டிருக்க, பழைய வண்டிகளைப் பேணுவோருள் சிலர் எதிர்த்திசையில் செல்கின்றனர். தங்கள் வண்டியில் இருக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, உதைத்தே கிளப்புகின்றனர்.

இதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கிளம்பும் வேளையில் சிலசமயம் பின்னோக்கி உதைக்கும். அந்த அதிர்ச்சியை ஸ்டார்ட்டருக்குரிய ஒருவழிக் கிளட்ச் தாங்க வேண்டியிருக்கிறது. அது தேய்ந்து பழுதானால் எஞ்சினின் பக்க மூடியைத் திறக்க வேண்டும். ஆனால் வேறொரு காரணமும் சொல்லப்படுகிறது: 'சொகுசு மனிதனைக் கெடுக்கும், உடலால் முயன்று பெறுவதே உயர்ந்தது.' இங்கேதான் அறம் பற்றிய கேள்வி பிறக்கிறது. ஒரு வசதியை நீக்குவது தியாகமாகுமா?

உதைப்பதில் உள்ள பயிற்சி

பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கு வலிமையைவிடக் கவனமே மிகுதியாகத் தேவை. சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தியபடி அம்மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவில் வந்து நின்றால், பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது டீகம்ப்ரெஸ்ஸர் நெம்பை இழுத்துப் பிடித்து, பிஸ்டன் உச்சியைச் சற்றே கடக்கும்படி கிக்கரை இறக்க வேண்டும். நெம்பை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழு வீச்சில் மிதிக்க வேண்டும். அவசரப்படுபவனின் காலை வண்டி திருப்பி அடிக்கும். சினத்தோடு மீண்டும் மீண்டும் உதைப்பவனின் எஞ்சினில் பெட்ரோல் நிறைந்து, கிளம்புவது மேலும் கடினமாகும்.

எனவே, நாள்தோறும் காலையில் ஒரு நிமிடமேனும் மனத்தை ஒருமுகப்படுத்த இது துணைசெய்கிறது. பொத்தானோ அத்தகைய கவனம் எதையும் கேட்பதில்லை. இந்த வகையில், ஸ்டார்ட்டரைக் கழற்றியவர் பெறும் பயன் உண்மையானதே.

பொத்தானுக்குப் பின்னால் உள்ள கருணை

ஆயினும் பொத்தானை இகழ்வது சரியன்று. மோட்டார் கார்களின் தொடக்க நாட்களில், முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே எஞ்சினைக் கிளப்பினர். எஞ்சின் பின்னோக்கி உதைத்தபோது மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின், உடல் வலிமை குறைந்தவர்களும் பிறர் உதவியின்றிக் காரைக் கிளப்ப முடிந்தது. சிலருக்குச் சொகுசாகத் தோன்றுவது வேறு சிலருக்குச் சுதந்திரமாக அமைகிறது.

இயந்திரங்களைப் பற்றி மகாத்மா காந்தியிடம் 1924-இல் தில்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் வினவினார். தமது எதிர்ப்பு இயந்திரத்தின் மீது அன்று, இயந்திர மோகத்தின் மீதே என்று காந்தியடிகள் விளக்கினார். சிங்கர் தையல் இயந்திரத்தை அவர் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். கையால் தைத்துத் தைத்துத் துன்புற்ற மனைவியின் மீது கொண்ட அன்பினாலேயே சிங்கர் அதனை அமைத்தார் என்பது அவர் காட்டிய காரணம். ஒரு கருவியின் பின்னால் அன்பு இருக்கிறதா, பேராசை இருக்கிறதா என்பதே அவருடைய அளவுகோல்.

எது தியாகம்?

கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தை மூவகையாகப் பிரிக்கிறது. மயக்கத்தால் விடுவது தாமசம். உடலுக்கு வருத்தம் நேருமே என்று அஞ்சி விடுவது ராஜசம். செய்ய வேண்டியதைச் செய்து, பற்றையும் பலனையும் விடுவது சாத்விகம். அங்கே கூறப்படுவது கடமையைப் பற்றியே. எனினும் பொருளைத் துறப்பவரும் தம்மை இதனால் சோதித்துக்கொள்ளலாம்.

நண்பர் கழற்றினார் என்பதற்காகத் தாமும் கழற்றினால், அங்கே இருப்பது மயக்கம். பழுதுபார்க்கும் தொல்லைக்கு அஞ்சிக் கழற்றினால், துறக்கப்பட்டது சொகுசு அன்று, சிரமமே. கழற்றிய பின், 'பொத்தானை அழுத்துபவன் ஓட்டுநரே அல்லன்' என்று பிறரை ஏளனம் செய்தால், இரும்பு போன இடத்தில் அகங்காரம் வந்து அமர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிய சுமை மனத்தில் ஏறிவிடுகிறது.

இதனினும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. கழற்றப்பட்ட வசதி யாருக்கு உரியது? ஒரு வீட்டில் ஒரே வண்டி இருக்கிறது. பகலில் மனைவி அதில் சென்று மாமியாருக்கு மருந்து வாங்கி வருகிறார். முழங்கால் தேய்ந்த தந்தை அதில் கோயிலுக்குச் சென்று திரும்புகிறார். அந்த வீட்டு மகன் எளிமையின் பெயரால் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டால், அவன் துறந்தது என்ன? அவனுடைய கால் வலிமையானது. அவனுக்கு இழப்பு ஏதும் இல்லை. இழந்தவர்கள் மற்ற இருவருமே. தன் சுகத்தைத் துறக்க ஒருவனுக்கு முழு உரிமை உண்டு. பிறருடைய சுகத்தைத் துறக்க அவனுக்கு உரிமை இல்லை. தான் உண்ணாமல் இருப்பது விரதம். பிறர் இலையிலிருந்து சோற்றை எடுப்பது விரதமாகாது.

ஆகவே விவேகமுள்ளவர் முதலில் வீட்டாரைக் கேட்பார். வண்டி தமக்கு மட்டுமே உரியதாயின், விரும்பினால் கழற்றுவார். கழற்றியதை எண்ணெயிட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைப்பார். வேறொருவருக்குத் தேவை நேர்ந்தால், அதனை மகிழ்ச்சியோடு மீண்டும் பொருத்துவார். முதுமையில் தம் முழங்காலே ஒத்துழைக்க மறுக்கும் நாளில், நாணமின்றிப் பொத்தானை அழுத்துவார். அவ்வாறு மீண்டும் ஏற்றுக்கொள்ள முடியாமல் 'நான் உதைத்தே கிளப்புபவன்' என்ற பெருமை குறுக்கே நின்றால், பற்று நீங்கவில்லை; வேறொன்றுக்கு இடம் மாறியிருக்கிறது.

பொருளை நீக்க ஒரு ஸ்பானரும் ஒரு பிற்பகலும் போதும். பற்று நீங்குவதற்கு நெடுநாள் சாதனை வேண்டும். முன்னதைச் செய்ததும் பின்னது நிறைவேறிவிட்டதாக எண்ணாதிருப்பதே சாதகனுக்கு முதற்படி.