துகில் நாளின் சபை

கூத்தைப் பற்றி நம் வட்டத்தில் எழுதப்பட்டவை அநேகமாக எல்லாமே கூத்தாடுபவனைப் பற்றியவை. அவனுடைய அடவு, குரல், கிரீடம், புஜக்கட்டை, திரைக்குப் பின்னால் நின்று அவன் பாடும் பாட்டு, கட்டியங்காரன் அவனை மறித்துக் கேட்கும் குறுக்குக் கேள்விகள். ந. முத்துசாமி கூத்தைக் கண்டடைந்ததும், 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதும், புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்ததும் தமிழ் நாடகத்துக்கு நேர்ந்த நல்ல காரியங்கள். சபா நாடகத்தின் சோபாவிலிருந்து நம்மை எழுப்பி விட்டவை. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்தக் காரியத்தில் ஒருவன் விடுபட்டுப் போனான். எதிரே உட்கார்ந்திருப்பவன். அவன் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறான், அவனை அங்கே உட்கார வைத்தது எது என்ற கேள்விகளைச் சமூகவியல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அவை கலை பற்றிய கேள்விகள் அல்ல என்ற நினைப்பில்தான் ஒப்படைத்தோம். அவை கலை பற்றிய கேள்விகளே என்பது என் கட்சி.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கோடை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகளை அமிர்திக்குக் கூட்டிப்போவார்கள். ஜவ்வாது மலையடிவாரம், வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் சுமார். 1967இல் அமைந்த மிருகக்காட்சிச் சாலை. கூண்டுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு கல்விதான். இன்னும் வசதி உள்ளவர்கள் ஏலகிரிக்கோ ஜமுனாமரத்தூருக்கோ போனால் அரசின் கோடை விழா. மலர்க் கண்காட்சி, துறைகளின் அரங்குகள், மாலையில் கலை நிகழ்ச்சிகள். அந்த மேடையிலும் கூத்து உண்டு. கரகத்துக்கும் பரதத்துக்கும் நடுவில் சில நிமிஷங்கள். கிரீடம் வைத்த ஒருவர் வந்து நாலு கிறுக்கி சுற்றி, தாளம் உச்சத்துக்குப் போனதும் நின்று, கும்பிட்டு இறங்கிவிடுகிறார். கைதட்டல் விழுகிறது. அங்கே கூத்தின் பெயர் மட்டும் வந்து போகிறது என்பதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இதே மாதங்களில், பங்குனியிலிருந்து ஆனி வரை, கீழே சமவெளியில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கிறது. பத்து நாள், பதினெட்டு நாள், சில இடங்களில் அதற்கும் மேல். மதியம் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கதை கூத்தாகிறது, விடியும்வரை. சில கட்டங்களோ கூத்து மேடையையும் விட்டு வெளியே வந்து ஊரின் வெட்டவெளியில் நடந்தே விடுகின்றன. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிறான். கடைசி நாள் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளத்தில் கிடக்கிறான். அவன் தொடை பிளக்கப்படுகிறது. திரௌபதி கூந்தல் முடிகிறாள். பிறகு தீமிதி. ஒரே விஷயம் முதலில் சொல்லாக, பிறகு ஆட்டமாக, பிறகு காரியமாக. இப்படி ஒரு பாடத்திட்டத்தை எந்தக் கல்வித் துறையும் யோசித்ததில்லை.

என்ன கற்கிறார்கள் என்று கேட்கலாம். கதை எல்லோருக்கும் தெரியும். புதிய செய்தி எதுவும் இல்லை. போதாக்குறைக்குப் பாதி ஊர் பாதி ராத்திரி தூங்குகிறது. குழந்தை தாயின் மடியில் தூங்கி, முகவீணை சத்தத்தில் விழித்து, துச்சாதனனைக் கண்டு பயந்து, மறுபடி தூங்கிவிடுகிறது. கவனம் இருந்தால்தான் கற்க முடியும் என்பது வகுப்பறையின் நம்பிக்கை. பாரதத்தில் கவனம் நிபந்தனை அல்ல. அங்கே இருப்பதுதான் நிபந்தனை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் என் விஷயமே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கலைக்குழுக்களோடு ஊர் ஊராக வந்தது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கைநாட்டு வைத்த பெண்கள் அதன் பிறகு கையெழுத்துப் போட வந்தார்கள் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இன்றும் பேச்சு. அந்த இயக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அதன் வீதி நாடகத்தில் விடை முதலில் தயாராகிவிடுகிறது. விடைக்கு ஏற்ற கேள்வியை நாடகம் தேடிக்கொள்கிறது. பாரதம் இதற்கு நேர் எதிர். அதன் நடுவில் விடையே இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. ஊரார் வருஷந்தோறும் காசு செலவழித்து அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறார்கள்.

துகில் நாளைச் சொல்கிறேன். தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா என்று திரௌபதி கேட்கிறாள். வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதன் சட்டப் பக்கம் உடனே பிடிபட்டுவிடும். தன் கையை விட்டுப் போன சொத்தை ஒருவன் அடமானம் வைக்க முடியாது. தன்னையே இழந்தவன் கையில் வேறு என்ன சொத்து? ஆனால் கேள்வி அதோடு நிற்கவில்லை. மனைவியைப் பணயம் வைக்கலாம் என்பதைச் சபை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவள் அதை நேரடியாக மறுக்கவில்லை. சபையின் சொந்தச் சட்டத்தையே எடுத்து அதன் கழுத்தில் வைக்கிறாள். பீஷ்மர் தருமம் சூட்சுமமானது என்கிறார். விகர்ணன் ஒருவன் எழுந்து அவளுக்காகப் பேசுகிறான். கர்ணன் அவன் வாயை அடைக்கிறான். வியாச பாரதத்தில் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு இல்லை. துர்நிமித்தங்களைக் கண்டு பயந்த திருதராஷ்டிரன் வரம் தருகிறான். அவள் கேட்டது நியாயம், கிடைத்தது வரம். இரண்டும் ஒன்றல்ல.

இனி கூத்துக் களத்தைப் பார்ப்போம். ஒரு ஜமாவில் பத்துப் பதினைந்து பேர்தான். அஸ்தினாபுரத்துச் சபையைப் பூராவும் நிரப்ப அவர்களிடம் ஆள் கிடையாது. துரியோதனன் இருக்கிறான், துச்சாதனன் இருக்கிறான், தருமன் தலைகுனிந்து நிற்கிறான். மற்ற அரசர்கள் எங்கே? ஆசாரியர்கள் எங்கே? ஜமுக்காளத்திலும் கோணிப்பையிலும் வெறுந்தரையிலும் உட்கார்ந்திருக்கிறோமே, நாம்தான். திரௌபதி வேஷக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்கிறார். இந்தப் பக்கமும் திரும்பிக் கேட்கிறார். பார்வையாளன் ஒருவனும் வாய் திறப்பதில்லை. திறக்கக் கூடாது என்பது கலையின் ஒழுங்கு. திறக்காமல் இருந்தது சபையின் பாவம். இரண்டும் ஒரே மௌனத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. உலக நாடகம் பார்வையாளனைப் பங்குதாரனாக்குவதற்குச் செய்த முயற்சிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். எழுப்பி ஆட வைப்பார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே அவனைத் தொடக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்ததாலேயே அவன் குற்றத்துக்குள் வந்துவிட்டான்.

அதற்குச் சற்று முன்னால் இன்னொன்று நடக்கிறது. துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறார். இதைப் பிரெக்டின் விலக்கலோடு ஒப்பிட்டுப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அவ்வளவு சாமர்த்தியமான விஷயமாகப் படவில்லை. அது பயம். தான் செய்யப்போவது வேஷத்தோடு முடிந்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. செய்கிறவன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான். பார்க்கிறவனுக்கு அப்படி ஒரு சடங்கு கிடையாது. அவன் முகம் கழுவிவிட்டு டீக்குப் போகிறான்.

இதுவரை 'நாம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லைச் சும்மா விட முடியாது. பாரதம் தலைக்கட்டு வரியில் நடப்பது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி நோட்டில் எழுதி வசூல் செய்கிறார்கள். இந்த நோட்டு சாதாரண வரவு செலவு நோட்டு அல்ல. யார் ஊர் என்பதற்கு அதுதான் பத்திரம். பல ஊர்களில் சேரியிலிருந்து வரி வாங்குவதில்லை. கேட்டால், பாவம் கூலிக்காரர்கள், அவர்களிடம் எதற்கு என்பார்கள். விலக்கு என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருப்பது இங்கே நன்றாகப் பொருந்தி வருகிறது. வரியிலிருந்து விலக்கப்பட்டவன் ஊரிலிருந்தும் விலக்கப்பட்டவன். வரி கொடுக்காதவனுக்குக் கோயிலில் என்ன பாத்தியதை என்ற கேள்வி பிறகு தானாக வரும். வாங்க மறுத்தவர்களே கொடுக்கவில்லை என்று சொல்லும் வினோதம் இது. எந்தக் கணக்கு முறையிலும் செல்லாது, ஊரில் செல்கிறது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தர்மராஜா திரௌபதியம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். ஜூன் 7ஆம் தேதி வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். எல்லோரும் உள்ளே போனது 2025 ஏப்ரலில், போலீஸ் காவலோடு. கோயில் வேறொரு தெய்வத்தினுடையதாக இருந்திருந்தால் இதை இந்தக் கட்டுரையில் கொண்டுவந்திருக்க மாட்டேன். சபைக்குள் இழுத்து வரப்பட்டு, சபையைப் பார்த்து நியாயம் கேட்டவளின் கோயில். அவளுடைய கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கத்திலும் கூத்திலும் கேட்டு வளரும் சனங்களின் நாட்டில். கேட்டது எங்கே போயிற்று?

இதற்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உண்டு. கலை வேறு, ஊர் வழக்கம் வேறு. ராகத்தில் தீட்டு இல்லை என்பது ஒன்று. கூத்தே நிலவுடைமையின் சாமான், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கருத்தைப் பாடுவோம் என்பது மற்றது. இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டும் திரௌபதியின் கேள்வியைக் காதில் வாங்காதவை. முதலாமவர் அதைப் பாட்டாகக் கேட்கிறார். இரண்டாமவர் அதைப் பழைய புராணம் என்கிறார்.

என் வாதம் இதுதான். கூத்துக்குச் சுவர் கிடையாது. டிக்கெட் கிடையாது. அதன் எல்லையை யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதே வரைகிறது. சபையாக இருப்பது அந்த உட்கார்ந்த கூட்டம்தான் என்றால், கூட்டத்தில் யார் இல்லை என்பது கூத்தின் உருவத்தைச் சேர்ந்த விஷயம். முகவீணையின் சுருதியைப் போல, திரையின் உயரத்தைப் போல. தோல் பதனிடும் இந்த ஜில்லாக்களில் இருந்துகொண்டு மிருதங்கத்தின் தோலை யார் உரித்துப் பதப்படுத்தினார்கள் என்று கேட்காமல் நாதத்தைப் பற்றி எழுதுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். (டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்திரம் திரும்ப வாங்கிக்கொண்டது. நாதத்துக்கும் ஜமுக்காளம் உண்டு.)

ஒரு சிக்கல் வருகிறது. சபையில் இருந்தவர்களுக்குத்தானே மௌனத்தின் பாவம்? வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அதில் பங்கில்லை. திரௌபதியும் வெளியே இருந்தவள்தான்; இழுத்து வரப்பட்டவள். ஆகவே தூரத்து மரத்தடியிலிருந்து கூத்துப் பார்த்தவனே அவளுக்கு நெருங்கியவன், அவளை உண்மையில் கேட்டவன் அவனே என்று ஒரு சிந்தனை ஓடுகிறது. எனக்கும் ஓடியது. அழகான சிந்தனை, அதனாலேயே சந்தேகப்பட வேண்டியது. மரத்தடியில் நிறுத்தப்பட்டவன் தத்துவ மேன்மை எதையும் கேட்கவில்லை. உள்ளே இடம் கேட்கிறான். இருக்க இடம் கொடுக்காமல் உயர்ந்த இடம் கொடுப்பது திருதராஷ்டிரன் செய்த காரியம். மேலும் சேரிகளில் தனி ஜமாக்கள் உண்டு. அவர்களே துகில் ஆடுகிறார்கள், அவர்களே சபையாகவும் உட்காருகிறார்கள். அங்கே நாம் போய்ப் பார்த்து எழுதியது எவ்வளவு?

வரி முறையும் இப்போது தளர்ந்து வருகிறது. பையன்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் உட்கார முடியாது. வசூல் குறைந்த இடத்தில் உபயதாரர்கள் வந்திருக்கிறார்கள், போட்டோ போட்ட பேனரோடு. பணம் யாரிடமிருந்து வந்தாலும் பணம் என்பதால் பழைய கோடு அழிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள்.

பெயர் வேண்டாத ஒரு ஊர். சேரியிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு ஐந்நூறு என்று திரட்டிக்கொண்டு போய் விழாக் கமிட்டியிடம் வைத்தார்கள். கமிட்டி மறுக்கவில்லை, சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டது. வரி நோட்டில் எழுதச் சொன்னார்கள் இவர்கள். ரசீதில் நன்கொடை என்று எழுதியிருந்தது. நன்கொடை என்றால் இன்னும் மரியாதைதானே, அண்ணன் ஏன் கோபிக்கிறீர்கள் என்றாராம் பொருளாளர். பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். எழுதியதை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஒன்பதாம் நாள், இரவு துகில்.