சராசரியும் நீதியும்

அமெரிக்கப் பள்ளிக் கல்வி உயர்ந்ததா, தாழ்ந்ததா என வினவுவோர் முதலில் மதிப்பெண் பட்டியலையே புரட்டுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு 'பீசா' தேர்வில், பதினைந்து வயது மாணவர்தம் கணிதத் திறனுக்குச் சிங்கப்பூர் 575, ஜப்பான் 536, அமெரிக்கா 465 புள்ளிகள் பெற்றன. வாசிப்பிலோ அமெரிக்கா பெற்ற 504, ஓ.ஈ.சி.டி. நாடுகளின் சராசரியான 476ஐ விஞ்சிற்று. எனவே, ஒரே சொல்லில் தீர்ப்புரைத்தல் இயலாது.

ஆயின், நாம் எழுப்ப வேண்டிய வினா வேறு. அங்கே பள்ளிச் செலவின் கணிசமான பகுதி அவ்வவ்வூர்ச் சொத்து வரியால் ஈடாகிறது. செல்வர் வாழும் ஊரின் பள்ளிக்கு வளம் எளிதில் சேர்கிறது. இவ்வேற்றத்தாழ்வை எதிர்த்து டெக்சாஸ் பெற்றோர் தொடுத்த வழக்கை 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என ஏற்க மறுத்தது. ஜப்பானிலோ கட்டாயக் கல்வி ஆசிரியர் ஊதியத்தில் மூன்றிலொரு பங்கை நடுவணரசே தருகிறது.

எந்தத் தெருவில் பிறப்பது எனக் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை. தெருவின் செல்வம் அதன் பாடத்தை அளக்குமாயின், நாட்டின் சராசரி எத்துணை உயர்ந்தும் அது நீதியாகாது.