முகத்தின் அமானிதம்

சினிமா பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் ஹலாலா, ஹராமா என்ற வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே போனால் அதைவிடச் சங்கடமான கேள்வியொன்று இருக்கிறது. ஒரு நடிகனுக்கு மக்கள் அள்ளிக் கொடுக்கும் அன்பு யாருடையது? அவன் உழைத்துச் சேர்த்த சொத்தா, அல்லது ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டிய அமானிதமா?

நான் வசிக்கும் களனியிலிருந்து மஹர அதிக தூரமில்லை. 1983 மே மாத இடைத்தேர்தலில் விஜய குமாரதுங்க அங்குதான் மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றார். தர்மசேன பத்திராஜவின் ‘பம்பரு எவித்’, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘பெத்தேகம’ ஆகியவற்றில் நடித்த, சிங்களத் திரையின் உச்ச நட்சத்திரம். 1984இல் ஸ்ரீலங்கா மஹஜன கட்சியைத் தொடங்கினார். 1986இல் யாழ்ப்பாணம் போய்ப் புலிகளின் தளபதி கிட்டுவைச் சந்தித்தார். தென்னிலங்கை கொதித்துக்கொண்டிருந்த வேளையில் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பகிரங்கமாக ஆதரித்தார். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி கொழும்பில் தன் வீட்டுக்கு முன்னால் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 42. குற்றம் சாட்டப்பட்டது ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவின் மீது. சுதந்திர சதுக்கத்தில் நடந்த இறுதிக் கிரியைக்குப் பெருங்கூட்டம் திரண்டது. அவர்களில் எத்தனை பேர் அந்த முகத்துக்காக வந்தார்கள், எத்தனை பேர் அந்த யாழ்ப்பாணப் பயணத்துக்காக வந்தார்கள்?

இங்கே காமினி பொன்சேகாவையும் நினைக்க வேண்டும். 1979இல் சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘சருங்கலே’யில் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக அவர் நடித்தார். பெரும்பான்மையின் நாயகன் சிறுபான்மையின் தோலுக்குள் புகுந்தது சாதாரண விடயமல்ல. மேடைப் பேச்சுக்குக் காது கொடுக்காதவனும், தனக்குப் பிடித்த நடிகன் தமிழனாகத் துயருறும்போது இருட்டில் கண் கலங்கியிருப்பான். ஆனால் நான்கே ஆண்டுகள். 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. சிங்களப் படங்கள் எடுத்த கே. வெங்கட் கொல்லப்பட்டார். களனி ஆற்றுக்கு இப்பால், ஹெந்தளையில், குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. தீ வைத்தவர்களுள் அங்கே உருவான படங்களைப் பார்த்து அழுதவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

ஆகவே திரையரங்கக் கண்ணீரை நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அது ரசிகனிடம் எதையும் கேட்பதில்லை. விஜய போனது ஒப்பனையில்லாமல். தனக்கு டிக்கட் வாங்கியவர்களிடமே, அவர்கள் கேட்க விரும்பாததைத் தன் சொந்தப் பெயரில் சொன்னார். அவர் அரசியல்வாதிதானே, வாக்குத் தேடினார் என்பார்கள். சிங்கள வாக்குத் தேடுபவனுக்கு 1986இல் யாழ்ப்பாணத்தைவிட நல்ல பாதைகள் எத்தனையோ இருந்தன.

1967இல் வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்த முஹம்மத் அலியை நாம் கொண்டாடுகிறோம். அது நமக்கு இலகு. அவர் நம்மவர், எதிர்த்து நின்றதோ அமெரிக்காவை. அநீதியிழைக்கும் சகோதரனுக்கும் உதவச் சொல்லி, அவனைத் தடுப்பதே அந்த உதவி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதற்கு விஜய நல்ல உதாரணம் என்று எந்த மிம்பரிலும் நான் கேட்டதில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது தமிழ்க் கலைஞர்களில் ஒரு சிலரே வாய் திறந்தார்கள் என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறோம். நியாயமான முறைப்பாடுதான். அதே அளவுகோலை நம் பக்கம் திருப்பினால் என்ன? 2017இல் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் சூபி வழியினரைத் தாக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் கண்டன அறிக்கைகள் குவிந்தன. கண்டிக்காவிட்டால் ஆபத்து என்ற நாளில் கண்டிப்பது வேறு. அடிபட்டவர்களை ‘வழிகெட்டவர்கள்’ என்று நம் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த அந்த 2017இல், நமக்கென்று இருக்கும் கொஞ்ச வாசகரின் அன்பைப் பணயம் வைத்து எத்தனை பேனாக்கள் திறந்தன?