வோல்ட்கேட் சாலைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில், பிரிட்லிங்டன் என்னும் கடலோர ஊரிலிருந்து வோல்ட்கேட் என்ற பழைய ரோமானியச் சாலை உள்நாட்டை நோக்கிப் போகிறது. இருபுறமும் சுண்ணாம்புப் பாறை மேடுகள், விளைநிலங்கள், முள்வேலிகள், இடையில் சிறு காடு. நின்று பார்க்கும்படி மலையோ அருவியோ கோட்டையோ அங்கே இல்லை. கலிஃபோர்னியாவின் நீச்சல் குளங்களை வரைந்து புகழ்பெற்ற டேவிட் ஹாக்னி, அறுபது வயதைக் கடந்தபின் இந்தச் சாலைக்கு வந்து, 2013 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இதன் சுற்றுப்புறத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஓவியங்கள் எழுப்பும் கேள்வி கலையோடு நிற்பதில்லை, சமயத்தையும் தொடுகிறது. யாரும் பொருட்படுத்தாத ஓரிடத்துக்கு ஓவியர் மதிப்பைக் கொடுக்கிறாரா, அங்கே முன்பே இருந்த மதிப்பைக் கண்டுகொள்கிறாரா? கண்டுகொள்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு முதல் மறுப்பு அவருடைய வண்ணங்களிலிருந்தே வரும். சாலை ஊதாவாக இருக்கிறது. வெட்டிப்போட்ட மரங்கள் ஆரஞ்சாக எரிகின்றன. இல்லாத நிறத்தை ஏற்றிவிட்டு, இருந்ததைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது? மிகைப்படுத்துகிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாலை கறுப்பு, மரம் பழுப்பு என்று நாம் சொல்வதும் பார்த்துச் சொல்வதல்ல. என்றோ மனப்பாடமானதை ஒப்பிக்கிறோம். மழை நனைத்த தார்ச்சாலையில் குளிர்கால வானத்தின் நீலமும் ஊதாவும் உண்மையிலேயே படிகின்றன. புதிதாக வெட்டிய மரத்தின் வெட்டுமுகம் பல சமயம் ஆரஞ்சுதான். ஹாக்னி அந்தத் துளி நிறத்தைப் பெருக்குகிறார். ஆனால் அந்தத் துளி அங்கே இருந்தது. அது கண்ணில் பட அவர் செலவிட்ட காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2006இல் வோல்ட்கேட் காட்டின் ஒரே இடத்தில் நின்று, பருவம் மாற மாற, ஒவ்வொரு ஓவியத்தையும் ஆறு கித்தான்களில் தீட்டினார். 2011இல் வசந்தம் வருவதை ஐபேடில் நாள்வாரியாகத் தொடர்ந்தார். அந்த வரிசையில் 51 ஐபேட் ஓவியங்களும், 32 கித்தான்களில் ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியமும் சேர்ந்தன. கற்பனையே போதுமென்றால் ஒருவர் குளிரில் அதே வளைவுக்கு இத்தனை முறை திரும்பிப் போக வேண்டியதில்லை.

நல்லொழுக்கத்தின் வேர் இத்தகைய கவனத்தில் இருக்கிறது என்று மெய்யியலாளர் ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அந்த எண்ணத்தை அவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெயிலிடமிருந்து பெற்றார். தன் கவலையில் மூழ்கியிருப்பவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு வல்லூறைப் பார்க்கும் கணத்தில் அவருடைய 'நான்' விலகிவிடுகிறது என்பது மர்டாக்கின் எடுத்துக்காட்டு. வல்லூறு தானே கண்ணை இழுக்கும். பட்டுப்போன மரத்தின் அடிமரம் இழுக்காது. வோல்ட்கேட் ஓரத்தில் நின்ற அப்படியொரு அடிமரத்தை ஹாக்னி பலமுறை வரைந்தார். குலச்சின்னத் தூண் என்று பொருள்படும் செல்லப்பெயரும் வைத்திருந்தார். 2012இல் யாரோ விஷமிகள் அதை வெட்டிச் சாய்த்தனர். அவர் மிகவும் மனமுடைந்தார். பிறகு விழுந்து கிடந்த மரத்தைக் கரிக்கோலால் வரைந்தார். என் வாதத்தின் அச்சாணி இந்த நிகழ்ச்சிதான். மதிப்பைத் தந்தது ஓவியமே என்றால் அவர் எதையும் இழக்கவில்லை. ஓவியங்கள் பத்திரமாகவே இருந்தன. மரம் அவற்றுக்கு வெறும் சாக்காகவே இருந்திருக்கும். அப்படியிருந்தும் துக்கம் வந்தது, அந்தத் துக்கம் நமக்கும் நியாயமாகப் படுகிறது. போனது மரத்துக்கே உரியதாக இருந்த ஒன்று. ஓவியம் அதை நமக்குத் தெரியவைத்தது.

எல்லாமே இப்படி மதிப்புடையது என்றால் புனிதம் என்பதற்குப் பொருளே இராதே என்று சமயப்பற்றுள்ளவர்கள் கேட்கலாம். கோயில் என்று ஓரிடத்தைப் பிரித்து வைப்பதே மற்ற இடங்கள் அப்படியல்ல என்பதால்தானே? இது வலுவான கேள்வி. ஆனால் பிரித்து வைப்பதன் பயன் மனிதனுக்குத்தான். எங்கும் கவனம் வைக்க நம்மால் முடியாது, அதனால் ஓரிடத்தில் பழகுகிறோம். பழகிய கண் வெளியே வந்ததும் மூடிக்கொண்டால் அந்தப் பழக்கம் வீண். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், மன்னர்கள் முடிசூடும் அந்தத் தேவாலயத்தில், எலிசபெத் அரசிக்காக ஹாக்னி வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் 2018இல் திறக்கப்பட்டது. அதில் அரசியும் இல்லை, புனிதர்களும் இல்லை. யார்க்‌ஷயர் கிராமப்புறத்தில் பூத்துக் குலுங்கும் ஹாதார்ன் முட்செடிகள் இருக்கின்றன. வேலியோரச் செடி தேவாலயத்துக்குள் வந்ததால் புனிதமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே வழிபடப் பழகியவர்களுக்கு வெளியே எதைப் பார்க்கலாம் என்று அந்த ஜன்னல் காட்டுகிறது. இந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்யும் சமயக் கலை இன்று அதிகம் இல்லை.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் ஹாதார்ன் வேலிகளில் பெரும்பகுதி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களைச் சட்டத்தின் துணையோடு தனியார் நிலங்களாக வளைத்தபோது நடப்பட்டது. மேய்ச்சல் உரிமையை எளியவர்கள் இழந்ததன் எல்லைக்கோட்டில்தான் அந்த வெள்ளைப் பூக்கள் மலர்கின்றன. 2009இல் ரோமானியச் சாலையின் மே மாதப் பூக்களைக் கொந்தளிக்கும் அலைகள்போல் ஹாக்னி தீட்டிய ஓவியத்தில் அந்த இழப்பு ஓரிடத்திலும் இல்லை. இந்தக் குறை உண்மையானது. அதை வண்ணத்தின் பெயரால் மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. செடிக்கு உரிய நீதியை அவர் செய்தார், நிலமிழந்தவர்களுக்கு உரியதைச் செய்யவில்லை. ஆனாலும் இந்தக் குறையைச் சுட்டுபவரின் வாதமும் என் பக்கமே வந்து சேர்கிறது. வேலியில் ஓவியர் காணாமல் விட்ட ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்லும்போதே, அங்கிருப்பது ஓவியர் வைத்தது மட்டுமல்ல என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். அவர் கேட்பது இன்னும் நீண்ட கவனத்தை. வேறொருவர் அதே சாலைக்குப் போய், அதே வேலியின் முன் நின்று, ஹாக்னி தொடாததை வரைய இன்னமும் இடமிருக்கிறது.